கல்யாணத்தோடு வரும் உதிரிபாகம்: காரைக்குடியில் எந்த லேப்டாப் வாங்குவது?

ஆச்சி மகள் இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்கிறாள். எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி இங்கேயே, காரைக்குடியில். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஆச்சி, காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். “தம்பி, இவளுக்கு லேப்டாப் வாங்கணும். கடையில பளபளன்னு ஒண்ணு காட்டுறாங்க. நீ என்னடான்னா ரெண்டு லேப்டாப்பை வச்சுக்கிட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டிக்கிட்டு உக்காந்திருக்க. எது வாங்குறதுன்னு நீயே சொல்லு.”

வாரத்துக்கு ஒரு தடவை என்பது ஆச்சியின் கணக்கு. இரண்டு இருப்பது உண்மை. ஒன்று ஃப்ரேம்வொர்க் 13, இன்னொன்று பழைய திங்க்பேட் டி480. இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். என் பிழைப்பு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சுற்றி நடக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்தால் தேக்குத் தூண் ஒரு கடைக்கும், நிலைக்கதவு இன்னொரு கடைக்கும், எனாமல் தூக்குச்சட்டி மூன்றாவது கடைக்கும் போய்ச் சேரும். அவற்றைப் போட்டோ எடுத்து, அளவு குறித்து, வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் பட்டியல் புத்தகமாக வடிவமைத்துத் தருவது என் வேலை. லேப்டாப் நின்றால் அன்றைய வருமானமும் நின்றது.

இந்தக் கழற்றும் பழக்கம் வந்ததற்கு அதற்கு முன்னால் வைத்திருந்த ஒரு லேப்டாப் காரணம். கம்பெனி பெயர் வேண்டாம். மெல்லியது, அழகானது, இரண்டாம் வருஷம் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் “போர்டையே மாத்தணும் சார்” என்றார்கள். சார்ஜ் போகும் சாக்கெட், ராம் (தற்காலிக நினைவகம்) எல்லாம் ஒரே போர்டில் பற்றவைத்தவை. அவர்கள் சொன்ன தொகை லேப்டாப் விலையில் பாதிக்கு மேல். அது இப்போது பரணில் தூங்குகிறது.

அதற்கப்புறம்தான் கழற்றி மாட்டக்கூடிய எந்திரங்களைத் தேடிப் போனேன். தேடும்போது எல்லாரும் பார்ப்பது, கழற்றி மாட்டுவது எவ்வளவு சுலபம் என்று சோதிக்கும் ஐஃபிக்ஸிட் இணையதளம் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறது என்பதை. நானும் அதைத்தான் பார்த்தேன். இரண்டையும் வைத்துப் புழங்கிய பிறகு எனக்கு வேறு ஒரு கணக்குதான் முக்கியமாகப் படுகிறது: கெட்டுப்போன அந்தப் பாகம் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறது, அது என் வீட்டுக்கு வர எத்தனை நாள் ஆகும்? மதிப்பெண் போடுகிறவருக்கு உதிரிபாகம் மேஜை மேலேயே இருக்கும். காரைக்குடிக்காரனுக்கு அப்படி இல்லை.

முதலில் ஃப்ரேம்வொர்க். நீரவ் படேல் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் இது. முதல் லேப்டாப் 2021இல் வந்தது. ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது, அதில் பொய் இல்லை. அடியில் ஐந்தே ஐந்து திருகுகள். தளர்த்தினாலும் கீழே விழுந்து ஓடாமல் மூடியிலேயே நிற்கும். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். நிமிர்த்தி வைத்து விசைப்பலகைப் பகுதியைத் தூக்கினால் காந்தப் பிடிப்பிலிருந்து விட்டு வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் அதன் பெயரும் ஒரு கியூஆர் கோடும் அச்சிட்டிருக்கும். எங்கள் தெருமுனை செல்போன் ரிப்பேர்க் கடைத் தம்பி இந்த லேப்டாப்பைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் கியூஆர் கோடைப் போனில் காட்டி, வந்த படத்தைப் பார்த்து, என்னைவிட வேகமாக பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டான். “அண்ணே, எல்லாத்தையும் இப்படிச் செஞ்சா என் பொழப்பு என்னாகும்?” என்றும் கேட்டான்.

பக்கவாட்டுத் துளைகளும் நாம் சொன்னபடி. 13 அங்குல மாடலில் நான்கு குழிகள் இருக்கின்றன, 16 அங்குல மாடலில் ஆறு. யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, ஈதர்நெட், எஸ்டி கார்டு என்று தீப்பெட்டியைவிடச் சின்னதான துண்டுகள். எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். என்னைப் போலக் கேமரா கார்டை நாளெல்லாம் செருகி உருவுகிறவனுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் முதலில் தேய்வதே அந்தத் துளைதான். இங்கே தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டலாம்.

திரை 3:2 விகிதம். படம் பார்க்கிறவர்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். புத்தகப் பக்கம் வடிவமைக்கிறவனுக்கோ வரம். நிறமும் நம்பும்படி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லின் செங்காவி ஒரு திரையில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் ரத்தச் சிவப்பாகவும் தெரிந்தால் வாங்குகிறவர் என் காதைத்தான் திருகுவார்.

என்னுடையது 2022இன் 12ஆம் தலைமுறை இன்டெல் போர்டு. அதே கூட்டில் 2023இன் ஏஎம்டி போர்டையோ 2025இல் வந்த ரைசன் ஏஐ 300 போர்டையோ மாட்டலாம். எடுத்த பழைய போர்டும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. திரையும் பேட்டரியும் இல்லாமலே தனிக் கணினியாக ஓடும், கூலர் மாஸ்டர் அதற்கென்றே ஒரு பெட்டியும் போட்டிருக்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு: என் போர்டுக்கு டிடிஆர்4 ராம், புது ஏஎம்டி போர்டுகளுக்கு டிடிஆர்5. போர்டு மாற்றினால் ராமும் புதிதாக வாங்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில் நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். ஃப்ரேம்வொர்க் இந்தியாவுக்கு நேரடியாக விற்பதில்லை. என்னுடையதைச் சித்தப்பா மகன் டல்லாஸிலிருந்து கொண்டு வந்தான். 18 வயதுக்கு மேற்பட்ட பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம் என்பதால் விமான நிலையத்தில் சிக்கலில்லை. பிரச்சினை அதற்கப்புறம்தான். ஒரு நாள் ராத்திரி, என் கை பட்டு, சுக்கு காபி முழு டம்ளரும் விசைப்பலகை மேல் கொட்டியது. பாதி விசைகள் வேலை செய்யவில்லை. விசைப்பலகையை மட்டும் மாற்றுவதென்றால் அம்பதுக்குப் பக்கமான பொடித் திருகுகளைக் கழற்ற வேண்டும். டச்பேடோடு சேர்ந்த மேல்மூடியை அப்படியே மாற்றுவது சுலபம். அமெரிக்கா விலாசத்துக்கு ஆர்டர் போட்டேன், மூன்று நாளில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து காரைக்குடிக்கு? ஆவணியில் ஒரு கல்யாணம் இருந்தது, அதற்குத்தான் அவன் வருவான்.

மாற்ற ஆனது பத்து நிமிஷம். வந்து சேர ஆனது எழுபது நாள். எங்கள் குடும்பத்தில் ஃப்ரேம்வொர்க் உதிரிபாகம் கல்யாணத்தோடுதான் வரும். முகூர்த்தமில்லாத மாதத்தில் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. பேட்டரி என்றால் அதைக் கைப்பையில்தான் வைத்துக் கொண்டுவர வேண்டும், சூட்கேஸில் போட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்ப வேண்டும். வாரண்டியும் இங்கே செல்லாது.

அந்த எழுபது நாளில் வாங்கியதுதான் திங்க்பேட் டி480. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர். அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு ஆட்டோவில் பக்கம். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துக்கட்டும் லேப்டாப்புகள் அங்கே அடுக்கடுக்காக வந்து விழும். நான் கொடுத்தது 21,000 ரூபாய். 2018ஆம் வருஷத்து எந்திரம், எட்டாம் தலைமுறை ஐ5, நான்கு கோர்.

இது அழகாக இருக்கிறது என்று சொன்னால் ஆச்சி சிரிப்பார். கறுப்புச் செங்கல். ஃப்ரேம்வொர்க் 1.3 கிலோ, இது பெரிய பேட்டரி போட்டால் 1.7 கிலோவைத் தாண்டும். ஆனால் பழைய ஆள்களுக்கே உரிய நிதானம் இதில் இருக்கிறது. ராமுக்கு இரண்டு குழிகள், இரண்டும் மாற்றக்கூடியவை. எஸ்டி கார்டு, எச்டிஎம்ஐ, ஈதர்நெட் எல்லாம் உடம்பிலேயே இருக்கின்றன, துண்டு தேட வேண்டாம். விசைப்பலகைக்கு அடியில் தண்ணீர் வடிய வழி வைத்திருக்கிறார்கள் (சுக்கு காபிக்கும் அது பொருந்துமா என்று இன்னும் சோதிக்கவில்லை). கழற்றுவது எப்படி என்று திருகு திருகாகப் படம் போட்ட கையேட்டைத் திங்க்பேட் தயாரிக்கும் லெனோவோவே இலவசமாகத் தருகிறது. அடிமூடியின் பிளாஸ்டிக் கொக்கிகளைப் பார்த்துத்தான் நெம்ப வேண்டும். முதல் தடவையே ஒன்றை உடைத்துவிட்டேன். ஃப்ரேம்வொர்க்கின் நளினம் இதில் கிடையாது.

பேட்டரி விஷயத்தில் டி480 ஒரு தனி ரகம். உள்ளே ஒன்று நிலையாக இருக்கும், பின்னால் ஒன்றைத் தாழ்ப்பாள் தள்ளிக் கழற்றலாம். உள்ளிருப்பது ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருப்பதை மாற்றலாம், லேப்டாப்பை அணைக்க வேண்டாம். டி வரிசையில் இந்த வசதியோடு வந்த கடைசி மாடல் இதுதான், அடுத்த வருஷத்து டி490இல் எடுத்துவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும் நாட்களில், ஒரு பேட்டரியை மேஜை டிராயரில் வைத்திருக்கிறவன் ராஜா. ஆனால் போலிப் பேட்டரிகள் மலிந்து கிடக்கின்றன. நான் வாங்கிய முதல் பேட்டரி 72 வாட்-மணி என்று ஒட்டியிருந்தது, அதில் பாதிகூடத் தாங்கவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி, என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டூப்ளிகேட் பேட்டரி வாங்கி ஏமாந்தேன் என்பதை வெளியே சொல்லவே வெட்கம்.

தூரக் கணக்கில் டி480 எங்கே நிற்கிறது? ஒரு கடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பித்தளை அண்டாவின் மூடி உருண்டு வந்து திரையில் விழுந்தது. காலை பதினொரு மணி. ரிச்சி தெருவுக்குப் போன் போட்டு, “14 அங்குலம், 30 பின், ஃபுல் எச்டி, டச் இல்லாதது” என்றேன். அவ்வளவுதான் கேட்டார்கள். லேப்டாப் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அதே பேனல் பல கம்பெனிகளின் லேப்டாப்புகளுக்குப் பொருந்தும். ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் ஏறியது. மறுநாள் காலை இட்லி சாப்பிடுவதற்கு முன்னால் திரை மாட்டியாகிவிட்டது. பழைய திரையின் மங்கல் நிறம் எனக்குப் பிடிக்காததால் இந்த முறை நிறம் சுத்தமாகக் காட்டும் பேனலாகவே கேட்டு வாங்கினேன். ஃப்ரேம்வொர்க்கின் 3:2 திரை இப்படி எந்தத் தெருவிலும் கிடைக்காது. பத்துக்குப் பத்து வாங்கிய எந்திரத்துக்கு எழுபது நாள், மதிப்பெண்ணைப் பற்றிக் கவலையே படாத எந்திரத்துக்கு ஒரு ராத்திரி.

மூன்றாவது வழி, ஆச்சி பார்த்த பளபளப்பு. கடையில் புதிதாக வாங்குவது. இதில் இரண்டு சாதி உண்டு. மெல்லிய வீட்டு உபயோக மாடல்களில் ராம் பற்றவைத்தே வருகிறது. எட்டு ஜிபி வாங்கினால் கடைசிவரை எட்டு ஜிபிதான், அவற்றைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அலுவலக மாடல்கள் வேறு. 2024இல் வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்பது போட்டது. ராமுக்கு மறுபடியும் இரண்டு குழிகள். வீட்டுக்கே ஆள் அனுப்பும் வாரண்டியும் சேர்த்து எடுக்கலாம். பணம் இருந்தால் நல்ல தேர்வுதான். பணம்தான் லட்சத்தைத் தொடும். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியதிலிருந்து இந்தப் பேச்சு நாட்டில் கொஞ்சம் நடக்கிறது. எங்கள் ஊர்க் கடையில் “ராம் மாத்த முடியுமா?” என்று கேட்டால் இன்னும் மேலும் கீழும்தான் பார்க்கிறார்கள்.

லினக்ஸ் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃப்ரேம்வொர்க்குக்கு உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டையும் அந்த நிறுவனமே சோதித்து ஆதரிக்கிறது. கைரேகைக் கருவிகூட நிறுவியவுடன் வேலை செய்தது. டி480இல் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறேன். கைரேகை மட்டும் தானாக வராது, அதற்கென்று தனியாக ஒரு நிரல் நிறுவ வேண்டும். நான் விட்டுவிட்டேன், பாஸ்வேர்டு அடிக்கக் கை இருக்கிறது. பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) அப்டேட்டுகள் இரண்டுக்குமே லினக்ஸிலிருந்தே வருகின்றன. மூடி வைத்தால் தூங்குவதில் பழையது கெட்டிக்காரன். வெள்ளிக்கிழமை மூடி திங்கட்கிழமை திறந்தாலும் பேட்டரி தீர்ந்துபோயிருக்காது. 12ஆம் தலைமுறை இன்டெல்லில் அந்தப் பழைய ஆழ்ந்த தூக்கம் கிடையாது, அரைத் தூக்கம்தான். அதனால் ராத்திரி முழுக்க அணைத்தே வைக்கிறேன்.

தமிழ் 99 விசைப்பலகை இரண்டிலும் சில நிமிஷ வேலை. போட்டோவுக்கு டார்க்டேபிள், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ். அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பினால் நான் எதில் செய்தேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் லினக்ஸ் இடிக்கும்: கடைக் கணக்கு எழுதும் டேலி. அது விண்டோஸுக்கென்று எழுதியது. அத்தானின் ஹார்டுவேர் கடை டேலியில்தான் மூச்சு விடுகிறது, ஆடிட்டரும் அந்த ஃபைலைத்தான் கேட்பார். எனவே அத்தானுக்கு நான் லினக்ஸ் பிரசங்கம் செய்வதில்லை. அவருக்கு மூன்றாவது வழியேதான், வாரண்டியோடு, விண்டோஸோடு.

ஆச்சி மகளுக்கு என்ன சொன்னேன்? டி480. முதல் இரண்டு வருஷம் சி, பைத்தான், ஜாவாவுக்கு நான்கு கோரும் 16 ஜிபியும் தாராளம். எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். கல்லூரியில் ஏதாவது ஒரு மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்றால், சிம் மோடத்துக்காக விட்டிருக்கும் காலிக் குழியில் ஒரு குட்டி எஸ்எஸ்டி (சேமிப்பகம்) போட்டு அதில் விண்டோஸை வைத்துக்கொள்ளலாம், லினக்ஸ் பெரியதில். மூன்றாம் வருஷம் கனமான வேலை வந்தால் அப்போது பார்க்கலாம், மிச்சப் பணம் ஆச்சியிடமே இருக்கும். ஃப்ரேம்வொர்க் வேண்டாம் என்றதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. 2025இல் வந்த புதிய மாடல் ராமும் எஸ்எஸ்டியும் இல்லாமலே 899 டாலரில் தொடங்கியது என்பது ஒரு பக்கம். பரீட்சைக்கு முதல் நாள் கெட்டுப்போனால் கல்யாணம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது வந்துபோகும் வீடு, நிறம் பார்த்துச் செய்யும் வேலை, மாற்று லேப்டாப் ஒன்று கைவசம் என்று மூன்றும் இருக்கிறவர்களுக்கு நான் ஃப்ரேம்வொர்க்கைத்தான் சொல்வேன். என் அன்றாட வேலை இன்றும் அதில்தான் நடக்கிறது.

“அம்மான், இத எடுத்துக்கிட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள் அவள். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது.

வரும் சனிக்கிழமைப் பல்லவனில் நாங்கள் இருவரும் போகிறோம். கையில் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று. கடையிலேயே அதில் பூட் செய்து, பேட்டரி புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பயாஸுக்குள் போய்ப் பழைய கம்பெனி வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், அது சாவியில்லாத வீடு. திரை ஃபுல் எச்டியா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் 1366க்கு 768 திரையோடு வந்தவையும் அதே அடுக்கில் கலந்து இருக்கும். டி480எஸ் என்று ஒரு எழுத்து கூடுதலாக இருந்தால் வேண்டாம், அதில் ஒரு ராம் பற்றவைத்தது, பின்பக்கப் பேட்டரியும் கிடையாது. இரண்டு டைப்-சி துளைகளிலும் சார்ஜர் செருகிப் பார்க்க வேண்டும். அந்த மாடலில் டைப்-சி துளையை இயக்கும் ஆரம்பகால தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது, லெனோவோ திருத்தம் வெளியிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் போட வேண்டும்.

இதையெல்லாம் அவள் போனில் குறித்துக்கொண்டாள். அவள் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: மூடியில் ஒட்டியிருக்கும் பழைய கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கரை, காலேஜ் திறப்பதற்குள் அம்மான்தான் சுரண்டி எடுத்துத் தர வேண்டும்.